பேஸ் ஆம்ப் இரைகிறதா? நாதஸ்வரத்தின் ஒலியையே மாற்றிய ராஜரத்தினம் பிள்ளை கதையைக் கேளுங்க!

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷன். மேடையில் லைவ் பேண்ட், சவுண்ட் செக் நடக்கிறது. பேஸ் கிட்டார்காரர் இன்னும் கம்பியையே தொடவில்லை, அதற்குள் ஸ்பீக்கரில் 'உம்ம்ம்...' என்று ஓர் இரைச்சல். பதற்றத்தில் ஒருவர் வால்யூமைக் குறைக்கிறார், ஒருவர் ஆம்ப்ளிஃபயரைத் தட்டுகிறார், இன்னொருவர் கேபிளை ஆட்டிப் பார்க்கிறார். இரைச்சல் போகவில்லை.

அனுபவம் உள்ளவர் வந்தால் ஒரே ஒரு வேலைதான் செய்வார். சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பிரிப்பார். எஃபெக்ட்ஸ் பெடல்களை எல்லாம் விலக்கிவிட்டு, கிட்டாரை நேராக ஆம்பில் செருகுவார். இரைச்சல் நின்றால் குற்றம் பெடலில், அல்லது பெடலுக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டரில். நிற்கவில்லையா? கேபிளை மாற்று. அப்புறம் கிட்டாரை மாற்று. அப்புறம் ப்ளக் பாயின்ட். ஒரு நேரத்தில் ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால், எது கெட்டுப்போயிருந்தது என்று கடைசிவரை தெரியாது.

அதே மண்டபத்தின் வாசலில் நாதஸ்வரக் குழு உட்கார்ந்திருக்கும். அவர்கள் கையில் இருக்கும் அந்த நீளமான கருவியே இப்படிக் கண்ணி கண்ணியாகச் சரிசெய்யப்பட்ட ஒன்றுதான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த வேலையைத் தொடங்கி வைத்தவர் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. 'நாதஸ்வரச் சக்கரவர்த்தி' என்ற பட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் ஒரு 'கியர்' பைத்தியம் என்பதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அந்தக் கதைதான் இது.

யார் இந்த ராஜரத்தினம்?

1898 ஆகஸ்ட் 27-ல் நாகப்பட்டினம் பக்கத்தில் உள்ள திருமருகலில் பிறந்தார். பெற்றோர் குப்புசாமி பிள்ளை, கோவிந்தம்மாள். வீட்டில் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். சின்ன வயதிலேயே தாய்மாமா திருமருகல் நடேச பிள்ளை அவரைத் தத்தெடுத்துக்கொண்டார். பெயருக்கு முன்னால் வரும் 'டி.என்.' அப்படி வந்ததுதான். மாமா நாதஸ்வர வித்வான். அவருடன் திருவாவடுதுறைக்கு வந்த பையன், அங்கேயே வளர்ந்தார்.

திருவாவடுதுறை எங்கே? கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில். சுற்றி வயல், நடுவில் கோயிலும் ஆதீன மடமும். கோயிலும் மடமும் இருக்கும் ஊரில் சங்கீதத்துக்குப் பஞ்சம் இருக்காது. காலையில் திருப்பள்ளியெழுச்சி தொடங்கி இரவு பள்ளியறை வரை, ஒவ்வொரு பூஜைக்கும் ஒரு மேளம் உண்டு.

பையனுக்கு முதலில் கிடைத்த குரு நாதஸ்வரக்காரர் அல்ல. திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யர், அந்தக் காலத்தின் பெரிய வயலின் வித்வான். அவரிடம் சங்கீதம் பழகிய பிறகுதான் அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாதஸ்வரம். இந்த வரிசை முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காதில் முதலில் ஏறியது வயலினும் வாய்ப்பாட்டும். கையில் பிறகு வந்தது நாதஸ்வரம். காது கேட்டதைக் கை தர மறுத்தபோதுதான் பிரச்னை ஆரம்பித்தது.

தெருவுக்காகச் செய்த கருவி

அன்று புழக்கத்தில் இருந்தது 'திமிரி' நாதஸ்வரம். குட்டையான குழல், உச்சமான சுருதி. நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்று நிற்கும். காரணம் இல்லாமல் அப்படிச் செய்யவில்லை. சாமி புறப்பாடு நாலு வீதியும் சுற்றி வரும். மைக் கிடையாது, கூரை கிடையாது, பக்கத்தில் தவில் முழங்கும். தேர் முனை திரும்புவதற்கு முன்பே அடுத்த வீதிக்காரருக்குக் கேட்க வேண்டும். மனிதக் காது கூர்மையான ஒலியைச் சுலபமாகப் பிடிக்கும், கனமான ஒலியைப் பிடிக்கச் சிரமப்படும். ஆகவே தெருவுக்குத் திமிரிதான் சரியான டிசைன்.

பேஸ் வாசிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சொல்லாமலே புரியும். லீட் கிட்டாருக்குச் சின்ன ஆம்ப் போதும். அதே அரங்கில் பேஸ் கேட்க வேண்டும் என்றால் பல மடங்கு வாட்ஸும் பெரிய ஸ்பீக்கரும் வேணும். சுருதி இறங்க இறங்க, அதே அளவு காதில் விழ அதிகக் காற்றைத் தள்ள வேண்டியிருக்கும்.

சரி, திமிரியில் என்ன கோளாறு? தெருவில் ஒன்றுமில்லை. அரங்கத்தில்தான் கோளாறு. நாலு சுவருக்குள், நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் அந்த உச்ச சுருதி காதைக் குத்தும். ஆண் பாடகர்கள் பொதுவாக ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். அந்தக் குரலின் கனம் நாதஸ்வரத்தில் வராது. வித்வான் பெரியவர், ஆனால் கருவி அவரை வாசலிலேயே நிறுத்தி வைத்தது.

முதல் கண்ணி: சீவாளி

எந்தச் சங்கிலியிலும் முதலில் பார்க்க வேண்டியது ஒலி பிறக்கும் இடம். பேஸில் அது கம்பியும் பிக்-அப்பும். நாதஸ்வரத்தில் அது சீவாளி. காவிரிக் கரையில் வளரும் நாணல் வகைத் தட்டையைப் பக்குவப்படுத்தி, நறுக்கி, நூலால் கட்டிச் செய்வது. 'கெண்டை' என்ற சின்ன உலோகக் குழாயில் செருகி, அதைக் குழலின் தலையில் பொருத்துவார்கள்.

நாதஸ்வரத்தில் கொத்தாகச் சில சீவாளிகளும் ஒரு ஊசியும் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக அல்ல. அதுதான் வித்வானின் டூல் கிட். சீவாளி ஈரத்தில் ஊறினால் மெத்தென்று ஆகும், காய்ந்தால் விறைக்கும். வாய் மூடிக்கொண்டால் ஊசியை விட்டு விரிக்க வேண்டும். அதிகம் திறந்துகொண்டால் அழுத்த வேண்டும். மழைக்காலத்தில் ஒரு குணம், சித்திரை வெயிலில் ஒரு குணம். கச்சேரி நடுவிலேயே மாற்றவும் நேரும்.

வாசிப்பு கரகரத்தால் குழலைக் குறை சொல்வதற்கு முன்னால் சீவாளியை மாற்றிப் பார்ப்பது அந்த உலகத்தின் பால பாடம். ஆக்டிவ் பேஸ் திடீரென்று கரகரத்தால் ஆம்பைத் திட்டுவதற்கு முன்னால் உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரியை மாற்றிப் பார்ப்பதைப் போல.

இரண்டாவது கண்ணி: குழல்

சீவாளியை எவ்வளவு மாற்றினாலும் தீராத ஒரு கோளாறு திமிரியில் இருந்தது: சுத்த மத்யமம். 'ச ரி க ம' வில் வரும் 'ம' இரண்டு வகை. கீழே இருப்பது சுத்தம், மேலே இருப்பது பிரதி. திமிரியில் அந்தத் துளை தரும் ஒலி சுத்த மத்யமத்தில் நேராக வந்து நிற்காது, கொஞ்சம் ஏறி நிற்கும். வித்வான்கள் விரலைப் பாதி மூடியும், உதட்டால் சீவாளியை அழுத்தியும் அதைக் கீழே இழுத்து வாசித்தார்கள். இன்றைய பாஷையில் சொன்னால், அது 'வொர்க்-அரவுண்ட்'. கோளாறு அப்படியேதான் இருக்கும், திறமை அதை மறைக்கும்.

இப்போது இதைக் கவனியுங்கள். ராஜரத்தினம் பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ராகம் தோடி. தோடியின் 'ம', சுத்த மத்யமம். எந்த ராகத்தில் அவர் ராஜாவோ, அதே ராகத்துக்குத் தேவையான ஒரு ஸ்வரத்தைத்தான் அவர் கருவி ஒழுங்காகத் தர மறுத்தது. ஒவ்வொரு முறை அங்கே வரும்போதும் உதடும் விரலும் சண்டை போட்டுத்தான் அதைப் பிடித்தாக வேண்டும்.

இதற்கு விடை பக்கத்து ஊரில் கிடைத்தது. திருவாவடுதுறைக்குப் பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டை. ரயிலில் போனால் ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் நடுவில் வரும். நாதஸ்வரம் செய்யும் ஆசாரிகளின் ஊர். அங்கே ரங்கநாதன் ஆசாரி என்ற கைவினைஞர் இருந்தார்.

வித்வானுக்கு என்ன வேண்டும் என்று தெரியும், எப்படிச் செய்வது என்று தெரியாது. ஆசாரிக்கு மரம் தெரியும், கடைசல் தெரியும், ஆனால் மேடையில் அது எப்படிப் பேசும் என்பதை வித்வான் வாசித்துக் காட்டினால்தான் தெரியும். குழலை நீளமாக்கினால் சுருதி இறங்கும். அது சுலபமான பகுதி. ஆனால் நீளத்தை மாற்றினால் உள்துளையின் விரிவு மாறும், துளைகளின் இடைவெளி மாறும், ஒரு ஸ்வரத்தைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். செய்து, வாசித்து, திருத்தி, மறுபடி செய்து என்று பல முயற்சிகளுக்குப் பிறகு வந்ததுதான் இன்று நாம் பார்க்கும் 'பாரி' நாதஸ்வரம். சுமார் இரண்டரை அடி நீளம். இரண்டு, இரண்டரைக் கட்டை சுருதி. சுத்த மத்யமம் தன் இடத்தில் தானே நிற்கும்.

உலவு எனப்படும் குழல் பகுதி ஆச்சா மரத்தில். வயதான, நன்றாக உலர்ந்த மரமாக இருக்க வேண்டும் என்பதால் பழைய வீடுகளின் உத்தரங்களையும் தூண்களையும் தேடி வாங்குவார்கள். கீழே விரியும் அணசு வாகை மரத்தில். விரலுக்கு ஏழு துளைகள். அதற்குக் கீழே இருக்கும் துளைகள் சுருதியைச் சீராக்க. மெழுகால் அடைத்தும் திறந்தும் நுணுக்கமாகச் சரி செய்யலாம். 'ஃபைன் ட்யூனிங்' என்பது நம் ஊருக்குப் புதுசு இல்லை.

இலவசமாக எதுவும் கிடைக்காது. பாரிக்கு மூச்சு அதிகம் வேண்டும். விரல்கள் அகல வேண்டும். திமிரியின் அந்தத் துள்ளலும் குறையும். ஆனால் பதிலுக்குக் கிடைத்தது பெரிது. நாதஸ்வரம் பாட ஆரம்பித்தது.

மூன்றாவது கண்ணி: சுருதி

நாதஸ்வரக் குழுவில் 'ஒத்து' என்று ஒன்று இருக்கும். பார்க்க நாதஸ்வரம் மாதிரியே இருக்கும், ஆனால் விரல் துளை கிடையாது. ஒருவர் மூச்சை விடாமல் பிடித்து ஒரே ஸ்வரத்தை ஊதிக்கொண்டே இருப்பார். தெருவில் அது போதும். அமைதியான அரங்கத்தில் ஒத்தின் இரைச்சலே பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். ராஜரத்தினம் அதை ஒதுக்கிவிட்டு, பாட்டுக் கச்சேரியில் இருக்கும் சுருதியைத் தன் மேடைக்குக் கொண்டு வந்தார். பின்னணி இரைச்சல் குறைந்ததும் மெல்லிய கமகங்கள் கேட்கத் தொடங்கின.

இதை ஒரு சவுண்ட் இன்ஜினீயரிடம் சொன்னால் உடனே சிரிப்பார். சின்ன விஷயங்கள் கேட்க வேண்டும் என்றால் சிக்னலை ஏற்றுவதைவிட நாய்ஸைக் குறைப்பது நல்லது என்பது அவர்கள் தினமும் சொல்லும் பாடம்.

நான்காவது கண்ணி: மைக்

அவர் வாழ்ந்த காலத்தில்தான் மைக்கும், இசைத்தட்டும், வானொலியும், பேசும் படமும் வந்தன. திருச்சி வானொலி நிலையம் 1939-ல் தொடங்கியது. ராத்திரி முழுக்கத் தோடியையே வாசித்ததாக ஊர் பேசும் மனிதர், ஒரு பக்கம் மூன்று நாலு நிமிடமே ஓடும் இசைத்தட்டுக்குள் அதே தோடியை அடக்க வேண்டி வந்தது. அடக்கினார். நேரில் கேட்காதவர்கள் வீட்டுக்கும் அந்தத் தோடி போய்ச் சேர்ந்தது இப்படித்தான். 1940-ல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய 'காளமேகம்' படத்தில் கதாநாயகனாகவும் நடித்தார்.

நாதஸ்வரத்துக்கு மைக் வைப்பது இன்றும் பலர் தடுமாறும் விஷயம். அணசின் வாய்க்கு நேராக மைக்கைக் கொண்டுபோய் வைப்பார்கள், பூ மாதிரி விரிந்திருப்பதால் ஒலி அங்கிருந்துதான் வருகிறது என்ற நினைப்பில். உண்மையில் பெரும்பாலான ஸ்வரங்களுக்கு ஒலி வெளியேறுவது திறந்திருக்கும் விரல் துளைகள் வழியாக. எல்லாத் துளையும் மூடிய கீழ் ஸ்வரம்தான் அணசு வழியாக முழுசாக வரும். மைக் அணசுக்கு ஒட்டி இருந்தால் சில ஸ்வரம் இடிக்கும், சில ஸ்வரம் காணாமல் போகும். கொஞ்சம் தள்ளி, குழலின் நடுப்பகுதியைப் பார்க்கும்படி வைத்தால் எல்லா ஸ்வரமும் ஒரே சீராக விழும். உள்ளீடு சிவப்பு விளக்கைத் தொட்டால் ஃபேடரைக் குறைத்துப் பயனில்லை, கெயினைக் குறைக்க வேண்டும். பேஸ் ஆம்பிலும் இதேதான்: முதல் படியிலேயே நசுங்கிவிட்ட ஒலியைக் கடைசிப் படியில் சரிசெய்ய முடியாது.

கருவியில் இல்லாத கோளாறு

இதுவரை சொன்னதெல்லாம் மரம், நாணல், மின்சாரம். ஆனால் சங்கிலியில் இன்னொரு கண்ணியும் கெட்டிருந்தது, அதை எந்த ஆசாரியாலும் கடைந்து தர முடியாது.

நாதஸ்வரம் இசை வேளாளர் சமூகத்தின் கலை. அதை வாசித்தவர்கள் மணிக்கணக்கில் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வாசிக்க வேண்டும். மேலே சட்டை போடக்கூடாது, பெரிய மனிதர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் எழுதப்படாத சட்டங்கள். பாட்டுக்காரர் மேடையில் உட்காருவார், மேளக்காரர் வாசலில் நிற்பார். மங்கலத்துக்கு நாதஸ்வரம் இல்லாமல் முடியாது. அதே மங்கலத்தில் வாசிப்பவருக்கு ஓர் ஆசனம் மட்டும் கிடையாது.

ராஜரத்தினம் குடுமியை எடுத்து கிராப் வைத்தார். கோட் போட்டார், ஷூ போட்டார், ஷெர்வானி போட்டார். மேடை போட்டு உட்கார வைத்தால்தான் வாசிப்பேன் என்று நின்றார். இதைப் பலர் திமிர் என்றார்கள். முன்கோபம், பிடிவாதம், சொன்ன நேரத்துக்கு வராத பழக்கம் எல்லாம் அவரிடம் இருந்தன, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஆசனம் கேட்டது அந்தக் கணக்கில் வராது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சுருதி இறங்கிய பாரி கையில் இல்லாமல் அரங்கத்துக்குள் போயிருந்தால், ஒலி உள்ளே ஒட்டியிருக்காது. மேடை கேட்காமல் பாரி மட்டும் வந்திருந்தால், அழகான கருவியோடு அதே வாசலில்தான் நின்றிருப்பார். கருவியில் ஒரு கோளாறு, ஊரில் ஒரு கோளாறு. இரண்டில் ஒன்றை மட்டும் சரிசெய்திருந்தால் போதியிருக்காது.

டெல்லி வரை போன திருவாவடுதுறை

1947 ஆகஸ்ட் 14. சுதந்திரத்துக்கு முதல் நாள். திருவாவடுதுறை ஆதீனத்திலிருந்து டெல்லிக்குச் சென்ற குழுவில் ஆதீன வித்வானான ராஜரத்தினமும் இருந்தார். தலைநகரில் நேருவின் முன்னால் டெல்டாவின் நாதஸ்வரம் ஒலித்தது. 1955-ல் சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது.

அடுத்த வருடம், 1956 டிசம்பர் 12-ல், சென்னையில் காலமானார். வயது 58. கை நிறையச் சம்பாதித்தவர், சேர்த்து வைக்கத் தெரியாதவர்.

அவரிடம் பயின்றவர்தான் காருகுறிச்சி அருணாசலம். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு ஜோடி சேர்ந்து ஒலிக்கும் நாதஸ்வரம் அவருடையது. ஒரு பாட்டுக்குரலும் நாதஸ்வரமும் மாறி மாறி, தோளோடு தோள் நின்று பேசுவதை அதில் கேட்கலாம். ராஜரத்தினம் திறந்த கதவு எங்கே கொண்டு போய்விட்டது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம்.

இன்று?

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்திதான். ஆனால் பழைய ஆச்சா மரம் கிடைப்பது குறைந்துகொண்டே போகிறது, செய்யும் குடும்பங்களும் கைவிட்டு எண்ணும் அளவுதான். பல கோயில்களில் பூஜை நேரத்துக்கு மோட்டாரில் ஓடும் மணி-முரசு மெஷின் வந்துவிட்டது. பல கல்யாணங்களில் நாதஸ்வரம் பென் டிரைவிலிருந்து வருகிறது.

ராஜரத்தினத்தின் பெயர் நிலைத்துவிட்டது. ரங்கநாதன் ஆசாரியின் பெயர் நாதஸ்வரக்காரர்களைத் தாண்டி எத்தனை பேருக்குத் தெரியும்? மேடையில் வாசிப்பவரை ஊருக்கே தெரியும். அவர் கருவியைச் சரிசெய்தவரைத் தெரியாது. பேண்ட் உலகத்திலும் இதே கதைதான்.

உங்கள் பேஸ் செட்டுக்கு, ஐந்து வரியில்

• இரைச்சலா? பெடல்களை விலக்கி நேராக ஆம்பில் செருகிப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு பெடலாகச் சேருங்கள்.

• ஒரே சீரான 'உம்ம்' என்றால் நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் எங்கோ உள்ளே நுழைகிறது. ஆம்ப், பெடல், மிக்ஸர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டிப் பாருங்கள். இரைச்சல் போக வேண்டும் என்று எர்த் பின்னை மட்டும் உடைத்துவிடாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

• குமிழைத் திருகும்போது மட்டும் கரகரத்தால் உள்ளே தூசி. கான்டாக்ட் க்ளீனர் போதும்.

• எல்லா நோட்டும் நசுங்கி வந்தால் முதலில் பேட்டரி, பிறகு கெயின்.

• ஸ்பீக்கருக்குக் கிட்டார் கேபிளைப் போடாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே வேறு. சூடாகிவிடும்.

எல்லாம் முடிந்து ஒலி சரியானதும் இன்னொன்றும் செய்யுங்கள். அதைச் சரிசெய்து கொடுத்தவரின் பெயரைக் கேட்டு, மேடையில் ஒரு தடவை மைக்கில் சொல்லிவிடுங்கள்.